புரட்டாசியில் ஓர் ஆட்டு இதயம்

துர்கா டீச்சர் ஆறு ஆட்டு இதயம் வேண்டும் என்று கேட்டபோது நான் மைக்ராஸ்கோப்புக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். காதில் விழாதது போல இருந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். எது காதில் விழ வேண்டும், எது விழக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

“கலியண்ணே, உங்களத்தான் சொல்றேன். வியாழக்கிழமை பத்தாவது பசங்களுக்கு இதயம் நடத்தணும். டேபிளுக்கு ஒண்ணு. முழுசா வேணும், மேல இருக்குற ரத்தக்குழாயோட. கடையில அப்படியே சொல்லுங்க, முழுசான்னு.”

“புரட்டாசி மாசம் டீச்சர்.”

“நாம என்ன குழம்பா வெக்கப் போறோம்?”

டீச்சருக்குத் திண்டிவனம் பக்கம். போன வருஷம்தான் மாற்றலாகி வந்தார். அதற்கு முன்பு இருந்தவர் பாடப் புத்தகத்தை வாசித்துவிட்டு, படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லிவிட்டுப் போவார். எனக்கு வேலை சுலபம். பீரோவைத் திறக்கவே வேண்டாம். இந்த அம்மா வந்த நாளிலிருந்து சாவிக்கொத்து என் இடுப்பில் தங்குவதில்லை.

பீரோவில் இப்போது சாமான் நிறைய இருந்ததும் ஒரு காரணம். மாணிக்கவாசகம் என்று ஒருவர், இதே பள்ளியில் நாற்பது வருஷத்துக்கு முன்பு படித்தவர், கோயம்புத்தூரில் பம்பு கம்பெனி நடத்துகிறார். தன் அம்மா அங்கம்மாள் பெயரில் ஆய்வகம் கட்டிக்கொடுத்தார். ஆறு மேசை, பன்னிரண்டு மைக்ராஸ்கோப், அறுவை செய்து பார்க்கத் தட்டுகள், கத்தரி, கையுறை, எல்லாவற்றையும் டிவியில் பெரிதாகக் காட்டும் கேமரா. திறப்பு விழாவுக்கு நெற்றி நிறைய விபூதியோடு வந்திருந்தார். பிள்ளைகளுக்குச் சைவச் சாப்பாடு போட்டார். அந்த அம்மாவின் படம் மாலையோடு சுவரில் இருக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழே கறியை வைத்து அறுப்பதா என்று எனக்கு ஒரு நியாயம் கிடைத்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லாமல் சாப்பிட உட்காராதவன். புரட்டாசியும் எனக்குச் சாக்கு, அங்கம்மாள் படமும் எனக்குச் சாக்கு. என் மகள் ஜீவிதா அந்தப் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். ஒரு இதயத்தைப் பிளந்து வைத்திருப்பதை அவள் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

ஆறு வயதில் அவளுக்குத் தொண்டை வலியும் மூட்டு வீக்கமுமாக ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. இருபத்தொரு நாளைக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டே வளர்ந்தாள். இப்போது மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொள்கிறாள். போன ஆனியில் சென்னையில் பெரிய டாக்டர் பார்த்தார். வால்வு நன்றாகவே ஒழுகுகிறது, திறந்து தைத்துச் சரிசெய்துவிடலாம், மூன்று மாதத்துக்குள் செய்தால் நல்லது, செலவு காப்பீட்டு அட்டையிலேயே முடிந்துவிடும், நீங்கள் தேதி கேட்டுப் போன் செய்தால் போதும் என்றார். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டுத்தான் இதையெல்லாம் கேட்டேன். வெளியே வந்து, “ஊசியே போதும்னுட்டாரும்மா” என்றேன்.

போன் செய்யவில்லை. ஆடி பிறந்தது. ஆடியில் நல்ல காரியம் எதுவும் ஆகாது என்றேன். “ஆப்பரேசன் இன்னா கல்யாணமா, நாளு பாக்கறதுக்கு?” என்று என் மனைவி அலமு கேட்டாள். ஆவணியில் மாகறலில் என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. புரட்டாசியில் காலாண்டுத் தேர்வு வந்தது. அலமு என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். என் பிள்ளையின் நெஞ்சை யாரோ திறப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பயந்தாங்கொள்ளி என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மாணிக்கவாசகத்துக்குப் போன் போட்டேன். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் டீச்சரால் ஒன்றும் செய்ய முடியாது.

“ஐயா, அம்மா பேர்ல இருக்குற ரூமு. அங்க ஆட்டு இதயம் கொண்டாந்து அறுக்கப் போறாங்களாம். உங்க காதுல போட்டு வெக்கலாம்னு.”

அவர் கேட்டார், “தண்ணி ஊத்திப் பாப்பாங்களா?”

“தெரியலீங்க ஐயா.”

“ஊத்திப் பாக்கச் சொல்லுங்க. அதும் ஒரு பம்புதானே. கலியன், நான் வாங்கிக் கொடுத்த சாமானெல்லாம் எப்படி இருக்கு?”

“புதுசு கலையாம வெச்சிருக்கறேன் ஐயா.”

“அதான் எனக்குப் பிடிக்கல. ஒடஞ்சா சொல்லுங்க, வேற அனுப்பறேன்.”

வைத்துவிட்டார். பெரிய மனுஷர்களை நம்பக் கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

புதன்கிழமை சாயந்திரம் ஒலிமுகமதுபேட்டையில் அக்பர் பாய் கடைக்குப் போனேன். எங்கள் வீட்டுக்குப் பல வருஷமாக அவர் கடைக் கறிதான். அவர் மகள் சாய்மா என் மகள் வகுப்பில், அதே மேசையில் உட்காருகிறவள். புரட்டாசி ஆனதால் கடையில் ஆளே இல்லை. “நாளைக்குக் காலைல ஆறு இதயம் வேணும் பாய், ஸ்கூலுக்கு” என்றேன். டீச்சர் மூன்று தடவை சொல்லி அனுப்பிய வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. முழுசா என்று நான் சொல்லவில்லை. கறிக்கடைக்காரர் எந்த இதயத்தையும் முழுசாகக் கொடுக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். நாலாகக் கீறி ரத்தத்தைக் கழுவித்தான் கொடுப்பார்கள். கீறின இதயத்தில் பாடம் நடத்த முடியாது, டீச்சரும் படம் வரையச் சொல்லிவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

அக்பர் பாய் என் கணக்கையும் தாண்டிவிட்டார். வியாழக்கிழமை டீச்சர் பொட்டலத்தைத் தட்டில் கொட்டியபோது, ஆறு இதயமும் விரல்கடை அளவுத் துண்டுகளாக, சுத்தமாகக் கழுவி, குழம்புக்குத் தயாராக விழுந்தன. கூடவே இனாமாகக் கொஞ்சம் ஈரல். முப்பத்து நாலு பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. கையுறை போட்டிருந்த இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு அந்தத் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஸ், எங்க வாப்பாவுக்குப் போன் பண்ணுங்க” என்றாள் சாய்மா. “இன்னிக்கு லேட்டா அறுத்தது ஒண்ணு இருக்கும்.”

கால் மணி நேரத்தில் அக்பர் பாயே ஸ்கூட்டரில் வந்து நின்றார். கையில் தூக்கு. உள்ளே ஒரே ஒரு இதயம், முழுசாக, மேலே குழாய்களோடு. மனுஷர் வாசலிலேயே நின்று கும்பிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். கலியன் அண்ணே முழுசுன்னு சொல்லவே இல்ல. ஸ்கூலுக்குன்னாரு, ஏதோ விருந்து போல இருக்குதுன்னு நெனச்சுக்கினேன். கடையில ஈ ஓட்டிக்கினு உக்காந்துக்கினு இருந்தனா, நெதானமா பொடிசு பொடிசா நறுக்கிட்டேன்.”

“சொல்லலியா?” என்று டீச்சர் என்னைக் கேட்டார்.

மறந்துவிட்டேன் என்று சொன்னேன். மூன்றாவது மேசையிலிருந்து ஜீவிதா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கோபப்படவில்லை, ரொம்ப நேரம் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாவியை எண்ணினேன்.

ஒரு இதயம், முப்பத்து நாலு பேர். டிவியைப் போடட்டுமா என்று கேட்டேன். “டிவி அப்பறம்” என்றார் டீச்சர். “மொதல்ல எல்லாரும் ஒரு தடவ கையில வாங்குங்க.”

வரிசையாகக் கை மாறியது. ஒரு ஆட்டின் இதயம் என்ன பெரிய அளவு இருக்கப்போகிறது, ஒரு சின்னப் பிள்ளையின் மூடின கை அளவுதான். மேலே வெள்ளையாகக் கொழுப்பு, கீழே கருஞ்சிவப்பு. வாங்கியவர்கள் எல்லாரும் முதலில் ஒரே மாதிரி கையைத் தாழ்த்தினார்கள், கனத்தை எதிர்பார்க்காமல். “இன்னும் சூடு இருக்குது மிஸ்” என்றாள் ஒரு பெண், குரலைத் தாழ்த்தி. அர்ஜுனன் என்ற பையன் புரட்டாசி விரதம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் இருப்பவன் கையில் வந்ததும் ஒரு விரலால் தொட்டான். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடியும் தொட்டான்.

டீச்சர் மேலே வந்த பெரிய குழாயைக் கிடுக்கியால் கவ்வி அடைத்தார். இடது மேலறையைக் கத்தரியால் திறந்தார். எல்லோரும் தலையோடு தலை முட்டிக் குனிந்தார்கள். நான் கதவோரம் நின்றிருந்தவன், எப்போது மேசைக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

உள்ளே ஒரு பள்ளம். பள்ளத்தின் வாயில் இரண்டு மெல்லிய வெள்ளைத் தோல், துவண்டு கிடந்தன. அவற்றின் ஓரத்திலிருந்து பத்துப் பதினைந்து வெள்ளை நூல்கள் கீழே இறங்கி, சதையில் முடிந்திருந்தன. எங்கள் ஊர் பட்டுத்தறி ஊர், பிள்ளைகள் இழை பார்த்து வளர்ந்தவர்கள். இரண்டு பேர் உடனே எண்ணத் தொடங்கினார்கள், ஒருவருக்குப் பதினொன்று வந்தது, இன்னொருவருக்குப் பதினான்கு.

“இதான் ஈரிதழ் வால்வு. இப்ப பாருங்க.”

டீச்சர் பிளாஸ்டிக் பாட்டிலால் தண்ணீரைப் பீச்சினார். பள்ளம் நிறைந்தது. வெளியிலிருந்து இரண்டு விரலால் இதயத்தை லேசாக அமுக்கினார். துவண்டு கிடந்த அந்தத் தோல் இரண்டும் எழுந்தன. உப்பி, ஒன்றை ஒன்று தேடி வந்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டி மூடிக்கொண்டன. நூல்கள் எல்லாம் விறைத்து இழுத்துப் பிடித்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வரவில்லை. விரலை எடுத்தார், திறந்தது. அமுக்கினார், மூடியது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆடு செத்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அந்தக் கதவுக்கு அது தெரியவே இல்லை. தண்ணீர் வந்தால் மூடணும், போனால் திறக்கணும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. அதை யாரும் பிடித்து இழுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. பீரோக் கதவுக்கு இத்தனை வருஷமாக எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பவன் நான், இப்படி ஒரு கதவை நான் கண்டதே இல்லை.

“நமக்கு இது ஒரு நாளைக்குச் சுமாரா ஒரு லட்சம் தடவ மூடுது” என்றார் டீச்சர். “உங்க வயசுக்குப் போட்டுப் பாருங்க.”

பிள்ளைகள் உள்ளங்கையில் பேனாவால் பெருக்கினார்கள். பதினைந்து வயதுக்கு ஐம்பத்தைந்து கோடி வந்தது. “கலியண்ணனுக்கு?” என்று ஒருவன் கேட்டான். ஐம்பத்திரண்டு என்றேன். நூற்றுத் தொண்ணூறு கோடி என்றான். என் கை தானாகச் சட்டைப் பொத்தான் மேல் போனது. நூற்றுத் தொண்ணூறு கோடித் தடவை எனக்குள் ஒன்று மூடித் திறந்திருக்கிறது, நான் ஒரு நாளாவது அதை நினைத்துப் பார்த்ததில்லை. நான் கோபப்பட்டபோதும், பொய் சொன்னபோதும், தூங்கியபோதும் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அழுகை வந்துவிடும் போல இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

மேசை மேசையாகப் பிள்ளைகள் வந்து அமுக்கிப் பார்த்தார்கள். மூன்றாவது மேசையின் முறை வந்தபோது ஜீவிதா கையுறை போட்டுக்கொண்டாள். தண்ணீரைப் பீச்சினாள், அமுக்கினாள். மூடியது. நாலைந்து தடவை செய்தாள். பிறகு கேட்டாள்.

“மிஸ், லீக் ஆனா எப்டி இருக்கும்?”

டீச்சர் என்னைப் பார்த்தார். அவரிடம் நான்தான் எல்லாவற்றையும் சொல்லி, பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பதில் சொல்வதற்குள் ஜீவிதா சின்னக் கத்தரியை எடுத்து, ஒரு நூலை வெட்டினாள். தண்ணீர் ஊற்றி அமுக்கினாள். அப்போதும் மூடியது. இன்னொன்றை வெட்டினாள். மற்ற நூல்கள் இழுத்துப் பிடித்தன, அப்போதும் மூடியது. அந்த வால்வுக்கு அப்படி ஒரு பிடிவாதம். மூன்றாவது நூலையும் வெட்டினாள். இந்தத் தடவை ஒரு பக்கத்து ஓரம் மடங்கிக்கொண்டு மேலே வந்தது. அமுக்கும்போதெல்லாம் அந்த இடைவெளியில் தண்ணீர் பீறிட்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது.

“எனக்கு இப்டித்தான் இருக்குது” என்றாள் ஜீவிதா. பக்கத்தில் இருந்த சாய்மாவிடம் சொன்னாள், ஆனால் மேசையைச் சுற்றி இருந்த எல்லாருக்கும் கேட்டது.

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

“உனக்கு யாரும்மா சொன்னது?”

“பெரிய டாக்டர் எழுதிக் குடுத்த காயிதத்த நீ வீட்டு பீரோவுல புடவைங்களுக்கு அடியில வெச்சியேப்பா, அன்னிக்கே படிச்சேன். அதுல இருந்த இங்கிலீசுப் பேரையெல்லாம் போன்ல போட்டுப் பாத்தேன்.” என் பக்கம் திரும்பவில்லை அவள். “உனக்குத்தான் பயமா இருக்குதேன்னு சும்மா இருந்தேன்.”

மூன்று மாதமாக நான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மணி அடித்தது. அடுத்த வகுப்புக் கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நின்றார், பிறகு அவரும் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். ஜீவிதா சாய்மாவிடம் ஊசி கேட்டாள். சாய்மா வீட்டில் ஜாக்கெட்டுக்கு மணி கோத்துத் தைக்கிறவள், பையில் எப்போதும் மெல்லிய ஊசியும் நூலும் இருக்கும். சாய்மா இடுக்கியால் இதழைத் தூக்கிப் பிடித்தாள். என் மகள் ஊசியை உள்ளே விட்டு, தொங்கிய ஓரத்தைக் கீழே இருந்த சதையோடு சேர்த்துத் தைத்தாள். முதல் தையல் கிழிந்துவிட்டது. இரண்டாவது நின்றது. மூன்றாவதற்கு இருபது தடவை முயன்றாள். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். அவசரப்படு என்று யாரும் சொல்லவில்லை.

தண்ணீர் ஊற்றி அமுக்கினாள். இதழ்கள் எழுந்து வந்தன. அந்த ஓரத்தில் இன்னும் ஒழுகியது. ஆனால் பீறிடவில்லை, மெல்லக் கசிந்தது, அவ்வளவுதான். மறுபடி அமுக்கினாள். அதே மெல்லிய கசிவு.

அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது.

“பாத்தியாப்பா? எனக்குத் தையலே தெரியாது. நானே இவ்ளோ தூரம் நிறுத்திட்டேன். டாக்டருக்கு இன்னா?”

தலையை ஆட்டினேன். டீச்சர் என் தோளைத் தொட்டுவிட்டு, பிள்ளைகளைக் கை கழுவ அனுப்பினார்.

வராந்தாவுக்கு வந்தேன். ஆஸ்பத்திரி எண் என் போனில் ஆனியிலிருந்து இருந்தது. மூன்றாவது மணியில் எடுத்தார்கள். ஒரு சின்னப் பெண்ணின் குரல். பெயர் கேட்டாள், வயது கேட்டாள், கோப்பு எண் கேட்டாள். எண் எனக்கு மனப்பாடம். ஏன் இத்தனை நாள் கூப்பிடவில்லை என்று அவள் கேட்கவில்லை. ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு தேதி சொன்னாள். சரி என்றேன். ஜீவிதா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சார்,” என்றாள் போனில் அந்தப் பெண், “அட்மிசனுக்கு முன்னாடி எங்க கவுன்சிலிங் மேடம் பாப்பாகிட்ட ஒரு தடவ பேசுவாங்க. என்ன ஆப்பரேசன், எதுக்குன்னு பாப்பாவுக்குத் தெரியுங்களா?”

“தெரியும்மா” என்றேன். “என்னவிட நல்லாத் தெரியும்.”